28 திங்கள் வெறுமையாய்க் கிடந்த இருக்கை

மன்றத்தில் ஓர் இருக்கை வெறுமையாகிவிட்டால் அது யாருடையது? உறுப்பினர் மறைந்திருக்கலாம், தாமே விலகியிருக்கலாம், நீக்கப்பட்டும் இருக்கலாம். எவ்வாறாயினும் அவ்விருக்கை ஆளுங்கட்சியின் உடைமையன்று. எதிர்க்கட்சியின் உடைமையும் அன்று. ஒரு தொகுதியின் குடிகள் தம் பேராளரை அமர்த்திவைத்தற்கென்றே அமைந்த இடம் அது. அது வெறுமையாய்க் கிடக்கும் ஒவ்வொரு நாளும் அக்குடிகள் வாயடைக்கப்பட்ட நாளேயாகும். ஆயினும், இடைத்தேர்தல் என்றவுடன் ஆட்சியாளர் நெஞ்சில் முதற்கண் எழும் எண்ணம், எப்பொழுது நடத்தினால் தமக்கு ஊதியம் என்பதாகவே உள்ளது. குடிகளுக்கு எப்பொழுது வேண்டும் என்பதை எண்ணிப் பார்ப்பார் அரியர்.

பொதுத்தேர்தலில் ஒப்போலை இடுபவர் நூறு கவலைகளைச் சுமந்துகொண்டு சாவடிக்குச் செல்கின்றார். யார் ஆளவேண்டும், யார் ஆளலாகாது, அரிசி என்ன விலை, ஊருக்குச் சாலை வருமா என்பன எல்லாம் ஓர் ஓலைத்துண்டில் ஒருங்கே கலந்துவிடுகின்றன. இடைத்தேர்தலில் அக்கலப்பு இல்லை. ஓர் இருக்கையால் ஆட்சி கவிழ்வது அரிது. எனவே, ஒரே ஒரு வினாவைத் தனித்தெடுத்து மக்கள்முன் வைத்து, அதற்கு மட்டும் விடை கேட்கலாம். எண்ணிக்கையிற் சிறிய இனங்களுக்கு அரசமைப்பு தன்னையறியாமலே திறந்துவைத்துவிட்ட வாயில் இது. ஈழத்தில், காங்கேசன்துறைத் தொகுதியில், 1975ஆம் ஆண்டு பிப்பிரவரி 6ஆம் நாள் நடந்த இடைத்தேர்தல் அத்தகையது. 2025 பிப்பிரவரியோடு அதற்கு 50 ஆண்டுகள் நிறைந்தன. தமிழகத்தில் அதனை நினைத்துப் பார்த்தவர் மிகச் சிலரே.

அத்தொகுதியின் உறுப்பினர் சா.யே.வே. செல்வநாயகம். 1898இல் மலேயாவின் ஈப்போ நகரிற் பிறந்தவர். யாழ்ப்பாணத்துத் தெல்லிப்பழையில் வளர்ந்தவர். கொழும்பில் பெயர்பெற்ற வழக்குரைஞர். மாவிட்டபுரம் முருகன் கோயிலும் கீரிமலை ஊற்றும் அமைந்த, சிவநெறியாளரே மிகப் பெரும்பாலராக வாழ்ந்த தொகுதி, கிறித்தவராகிய இவரைத் தன் பேராளராக்கியது. நெறி பார்த்து ஒப்போலை இடுவதே தமிழர் இயல்பு என்று பேசுவார் இந்த ஒரு தொகுதியின் வரலாற்றையேனும் படித்துப் பார்ப்பது நன்று. உரத்துப் பேசும் குரல் அவர்க்கு இல்லை. முதுமையில் நடுக்கு நோயும் செவிப்புலன் குறைவும் சேர்ந்துகொண்டன. மேடையை அதிரச் செய்யும் ஆற்றல் ஒன்றே தலைமைக்குரிய தகுதி என்று பழகிவிட்ட தமிழகத்தார்க்கு இது வியப்பாகவே தோன்றும்.

1947இல் தமிழ்க் காங்கிரசின் சார்பில் அவர் முதன்முதலாகக் காங்கேசன்துறையில் வென்றார். அடுத்த ஆண்டே மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. தமிழ்க் காங்கிரசுத் தலைமை அரசோடு ஒட்டி நின்றது, அவர் பிரிந்தார், 1949 திசம்பரில் தமிழரசுக் கட்சி பிறந்தது. 1952இல் அதே தொகுதி அவரைத் தோற்கடித்தது. 1956இல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற கொள்கை தெற்கில் வெற்றிமுழக்கம் செய்த தேர்தலில், அதே தொகுதி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டது. அதன்பின் 1960 மார்ச்சிலும், 1960 சூலையிலும், 1965இலும், 1970இலும் அவரே வென்றார்.

அந்த ஆண்டுகளில் அவர் பெற்றவை ஒப்பந்தங்கள், இழந்தவையும் அவ்வொப்பந்தங்களே. 1957 சூலை 26இல் பண்டாரநாயக்காவோடு செய்தது அடுத்த ஆண்டு ஏப்பிரலில் கிழித்தெறியப்பட்டது. 1965 மார்ச்சு 24இல் தட்லி சேனநாயக்காவோடு செய்தது நிறைவேறாமலே கைவிடப்பட்டது. இடையே 1961இல் யாழ்ப்பாணக் கச்சேரியின் வாயிலில் அறப்போர். அதன் முடிவில் படையும் சிறையும். 1970இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவின் கூட்டணி மூன்றில் இரு பங்குக்கும் மேற்பட்ட இருக்கைகளோடு ஆட்சிக்கு வந்து, புதிய யாப்பை வகுக்கத் தொடங்கியபொழுது, தமிழரசுக் கட்சி அவ்வவைக்கும் சென்றது. கூட்டாட்சி கேட்டது, மொழியுரிமை கேட்டது. ஒன்றும் ஏற்கப்படவில்லை. 1971இல் வெளியேறியது.

1972 மே 22ஆம் நாள் நடைமுறைக்கு வந்த அக்குடியரசு யாப்பு, இலங்கையை ஒற்றையாட்சி நாடு என்றது. புத்த நெறிக்கு முதன்மையிடம் தந்து அதனைப் பேணுவது அரசின் கடமை என்றது. அதுகாறும் வெறுஞ் சட்டமாக இருந்த சிங்கள ஆட்சிமொழியை யாப்பின் உறுப்பாகவே ஆக்கியது. எல்லாவற்றினும் கொடியது, சொல்லாமலே விட்டுவிட்ட ஒன்று. பழைய சோல்பரி யாப்பின் 29ஆம் பிரிவு, ஓர் இனத்தார்க்கோ ஒரு நெறியினர்க்கோ மட்டும் தீங்கு விளைக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் இயற்றலாகாது என்று தடை விதித்திருந்தது. அத்தடை பெரிதாக எதனையும் காத்துவிடவில்லை என்பது உண்மையே; மலையகத் தமிழரை அது காக்கவில்லை. ஆனால், ஒரு வழக்குரைஞர் எழுந்து நின்று காட்டுவதற்கு ஒரு வரியேனும் இருந்தது. புதிய யாப்பில் அந்த வரியும் இல்லை.

இந்த யாப்பைத் தமிழர் ஏற்றனரா? அரசு ஏற்றனர் என்றது. தமிழர் தலைவர்கள் இல்லை என்றனர். யார் சொல்வது மெய் என்பதை எங்ஙனம் அறிவது?

1972ஆம் ஆண்டு அக்தோபர் 3ஆம் நாள் செல்வநாயகம் அரசுப் பேரவையில் எழுந்து தம் உறுப்பாண்மையைத் துறந்தார். புதிய யாப்பைத் தமிழ்மக்கள் ஏற்கின்றனர் என்று அரசு உண்மையிலேயே கருதுமாயின், காங்கேசன்துறையில் தம்மை எதிர்த்துப் போட்டியிட்டு அதனை மெய்ப்பிக்கட்டும் என்பதே அவர் விடுத்த அறைகூவல். பொறுப்பைத் துறந்தவர் எத்தனையோ பேர். அமைச்சர் பொறுப்புக் கிடைக்காமையால் துறந்தவர் உண்டு. கட்சி தாவுதற்கெனத் துறந்தவர் உண்டு. ஒரு மன்றத்தை விட்டு அதனினும் பெரிய மன்றத்துக்குப் போதற்கெனத் துறந்தவர் எண்ணிலர். ஒரு வினாவைக் கேட்பதற்காகவே 74ஆம் அகவையில் நோயுற்ற உடம்போடு துறந்தவர் அரியர்.

வினா எளிது. விடை சொல்லும் முறையும் எளிது. நாள் குறித்து, சாவடி அமைத்து, எண்ணிப் பார்த்தால் முடிந்தது. அரசு நாள் குறிக்கவில்லை. 1972 கழிந்தது, 1973 கழிந்தது, 1974உம் கழிந்தது. நாட்டில் நெருக்கடிநிலை உள்ளது, பாதுகாப்பு இடந்தரவில்லை என்பது சொல்லப்பட்ட கரணியம். தென்னிலங்கையில் சிங்கள இளைஞர் நடத்திய கிளர்ச்சியை ஒட்டி 1971 மார்ச்சில் அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை அது.

அக்கரணியம் மெய்யாயின், அந்நெருக்கடிநிலை எல்லாத் தொகுதிகளையும் ஒப்பவே தடுத்திருக்க வேண்டும். தடுத்ததா? 1973 ஏப்பிரலில் முன்னாள் தலைமையமைச்சர் தட்லி சேனநாயக்கா மறைந்தார். அவருடைய தெடிகமைத் தொகுதியில் அவ்வாண்டே இடைத்தேர்தல் நடந்தது. அவர்தம் உடன்பிறந்தார் மகனே வென்றார். காங்கேசன்துறையின் இருக்கை அதற்கு முன்பே வெறுமையாகியிருந்தது. தெடிகமை நிரம்பிய பின்னும் வெறுமையாகவே கிடந்தது. இன்னொன்றும் உண்டு. அந்நெருக்கடிநிலை 1977 பிப்பிரவரி வரை நீக்கப்படவே இல்லை. எனவே, 1975இல் காங்கேசன்துறைத் தேர்தல் நடந்த அன்றும் அதே நெருக்கடிநிலைதான் இருந்தது. 1973இல் தடையாயிருந்தது 1975இல் எவ்வாறு தடையில்லாமற் போயிற்று என்று அரசு விளக்கவில்லை. விளக்கக் கூடியதாக ஒன்றும் இல்லை. தடுத்தது நெருக்கடிநிலையன்று, விடை என்னவாக இருக்கும் என்ற அச்சமே.

அத்தொகுதி பேராளரின்றிக் கிடந்த காலமோ, தமிழர்க்குப் பேராளர் மிகவும் வேண்டியிருந்த காலம். பல்கலைக்கழக நுழைவில் தரப்படுத்தல் என்னும் பெயரால் தமிழ் மாணவர் கூடுதல் மதிப்பெண் பெற்றாலன்றி இடமில்லை என்ற நிலை உண்டாக்கப்பட்டிருந்தது. இளைஞர் பலர் உசாவலின்றிச் சிறையில் அடைக்கப்பட்டிருந்தனர். 1974 சனவரியில் யாழ்ப்பாணத்தில் நான்காம் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு நடந்தது. அதன் நிறைவு நாளாகிய சனவரி 10 அன்று திரண்டிருந்த மக்கள்மேல் காவல்துறை பாய்ந்தது. மொழியைப் போற்றக் கூடியவர் பிணமாயினர். அதுபற்றி அரசுப் பேரவையில் எழுந்து கேட்கக் காங்கேசன்துறைக்கு ஆளில்லை. தமிழர்க்கு வேறு உறுப்பினர்கள் இருந்தனரே என்பார் சிலர். இருந்தனர். ஆனால், ஒரு தொகுதியின் குரலை மற்றொரு தொகுதி ஈடுசெய்யும் என்றால் தேர்தல் எதற்கு, தொகுதி எதற்கு?

இங்கே, கடலுக்கு இப்பால் நிகழ்ந்ததையும் ஒருசேர எண்ணுதல் தகும். செல்வநாயகம் இருக்கையைத் துறந்த அதே 1972 அக்தோபரில்தான் தமிழகத்தில் தி.மு.க. பிளந்தது, 17ஆம் நாள் ம.கோ. இராமச்சந்திரன் தம் புதிய கட்சியைத் தொடங்கினார். 1973 மே 20இல் திண்டுக்கல் நாடாளுமன்றத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. தமிழகமே அதில் மூழ்கியது. புதிய கட்சி வென்றது; இரு கட்சிகளின் எதிர்காலம் ஒரு தொகுதியில் தீர்மானிக்கப்பட்டது. திண்டுக்கல்லின் இருக்கை எப்பொழுது நிரம்பும் என்று நாள் எண்ணிக் காத்திருந்த தமிழர், பாக்கு நீரிணைக்கு அப்பால் இன்னொரு தமிழ்த் தொகுதியின் இருக்கை எட்டாந் திங்களாக வெறுமையாய்க் கிடந்ததை அறிந்திருந்தனரா? அறிந்தோர் தொகை திண்டுக்கல்லின் ஒரு தெருவைக் கூட நிரப்பியிராது.

கடைசியாக நாள் குறிக்கப்பட்டது. 28 திங்கள் கழிந்திருந்தன. எதிர்த்து நின்றவர் பொதுவுடைமைக் கட்சியின் வி. பொன்னம்பலம். அவரும் தமிழரே, தொகுதிக்குப் புதியவர் அல்லர், 1970இலும் அங்குப் போட்டியிட்டவர். அவர் சார்ந்த கட்சி ஆளுங்கூட்டணியில் இருந்தது. எனவே, அரசின் யாப்புக்கு ஆதரவான விடையை விரும்பியவர்க்கு அவர் ஓர் உண்மையான வாயிலாக இருந்தார். போட்டி பொய்ப்போட்டியன்று. எண்ணிக்கை முடிந்தபொழுது செல்வநாயகம் பெற்றவை 25,927 ஒப்போலைகள். பொன்னம்பலம் பெற்றவை 9,457. மிகுதி 16,470. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் ஒரே விடையைச் சொன்னார்கள். காத்திருக்க வைத்தால் மக்கள் சோர்வர், மறப்பர், வேறு கவலைகளில் கரைந்துபோவர் என்பது அரசின் கணக்கு. அக்கணக்குத் தவறிற்று.

வெற்றி அறிவிக்கப்பட்டவுடன் செல்வநாயகம் வெளியிட்ட அறிக்கையே இத்தேர்தலை வரலாறாக்கியது. அயலவர் ஆட்சிக்குமுன் தமிழரும் சிங்களவரும் தனித்தனி அரசுகளாய் வாழ்ந்தனர். விடுதலைக்குப்பின் கால் நூற்றாண்டாக ஒன்றுபட்ட இலங்கையில் நிகருரிமை பெறத் தமிழர் முயன்றும் பயனில்லை. ஆகவே, தமிழீழ மக்கள் தமக்கு இயல்பாகவே உரிய இறைமையை மீட்டு விடுதலை பெறுதல் வேண்டும் என்பதற்கு இத்தீர்ப்பை ஆணையாகக் கொள்வதாக அவர் அறிவித்தார். கூட்டாட்சியே போதும் என்று 25 ஆண்டுகள் வாதாடியவர் சொன்ன சொல் அது.

இதற்கு ஒரு மறுப்பு அன்றே எழுந்தது, இன்றும் எழுகின்றது. அதனை ஒதுக்கிவிட்டுப் போதல் நேர்மையன்று. தேர்தலுக்கு முன் வைக்கப்பட்ட வினா, யாப்பை ஏற்பதா மறுப்பதா என்பது. தேர்தலுக்குப் பின் எடுக்கப்பட்ட விடையோ தனியரசு என்பது. இரண்டும் ஒன்றாகுமா என்பதே அம்மறுப்பு. ஆகா. யாப்பை மறுத்தவர் அனைவரும் தனியரசை விழைந்தவர் என்று 1975இன் எண்ணிக்கையை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. ஒரு தொகுதியின் தீர்ப்பை ஓர் இனத்தின் தீர்ப்பாகக் கொள்வதும் மிகையே. ஆனால், அம்மறுப்பை எழுப்பியவர் செய்திருக்க வேண்டியது என்ன? தெளிவான வினாவைத் தமிழ்நிலம் முழுதும் வைத்திருக்க வேண்டும். அவர்கள் வைக்கவில்லை; தமிழரே வைத்தனர். 1976 மே 14இல் வட்டுக்கோட்டைத் தொகுதியின் பண்ணாகத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணி தனியரசுத் தீர்மானத்தை நிறைவேற்றி, அதனையே ஏந்தி 1977 சூலைப் பொதுத்தேர்தலில் நின்றது. 18 இருக்கைகளை வென்றது. வடமாகாணத்தின் 14 இருக்கைகளும் அதனுடையவையே. அவ்வெற்றியைக் காணச் செல்வநாயகம் இல்லை. அவ்வாண்டு ஏப்பிரல் 26இல் மறைந்துவிட்டார். காங்கேசன்துறையில் அவர் இடத்தில் நின்று வென்றவர் அ. அமிர்தலிங்கம்.

1975இன் விடையைக் கொழும்பு என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. யாப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இருக்கை நிரம்பியது; வினா அப்படியே நின்றது. இச்செயலற்ற தன்மையின் விலையைப் பின்வந்த தலைமுறை குருதியால் கொடுத்தது. முதியவர் ஒருவர் ஒப்போலை வழியாகவே கேட்டார், இரண்டேகால் ஆண்டுக்குமேல் காத்திருந்தார், வென்றார், வென்றும் பயனில்லை. இதனைப் பார்த்துக்கொண்டிருந்த 20 அகவை இளைஞர் என்ன முடிவுக்கு வருவர்? ஒப்போலைப் பெட்டியின்மேல் அவர்கள் வைத்திருந்த நம்பிக்கையை உடைத்தவர் வேறு எவருமல்லர். அப்பெட்டியைத் திறக்க அஞ்சியவரும், திறந்தபின் உள்ளிருந்ததைப் படிக்க மறுத்தவருமே.

அதே 1975இல் தென்னிலங்கையில் இன்னொருவரும் தம் இருக்கையைத் துறந்தார். எதிர்க்கட்சித் தலைவர் சே.ஆர். செயவர்த்தனா. 1970இல் ஐந்தாண்டுக்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம், புதிய யாப்பின் பெயரால் தன் வாழ்நாளை 1977 வரை நீட்டிக்கொண்டதை எதிர்த்து, கொழும்பு தெற்குத் தொகுதியைத் துறந்து மீண்டும் அங்கேயே நின்றார். அவ்வினாவும் நல்ல வினாவே. அவர்க்கு இடைத்தேர்தல் அவ்வாண்டு சூலையிலேயே வந்துவிட்டது. பெருவெற்றியும் பெற்றார். ஒரே யாப்பு, ஒரே அரசு, ஒரே நெருக்கடிநிலை. யாப்பை எதிர்த்துத் துறந்த தமிழர்க்கு 28 திங்கள், மன்றத்தின் நீட்டிப்பை எதிர்த்துத் துறந்த சிங்களவர்க்கு ஒரே ஆண்டுக்குள். அந்தச் செயவர்த்தனாவே பின்னாளில் ஆட்சிக்கு வந்து, 1982 திசம்பரில் பொதுத்தேர்தலைத் தவிர்த்து, மக்கள் கருத்துக்கணிப்பு ஒன்றால் தம் பெரும்பான்மை மன்றத்தின் வாழ்நாளை ஆறாண்டு நீட்டிக்கொண்டார் என்பது, இடைத்தேர்தல் வரலாற்றில் இடம்பெறத்தக்க நகைச்சுவை.

ஓர் இருக்கையைக் கொண்டு வினாக் கேட்டவர் ஈழத்தமிழர் மட்டுமல்லர். 1828 சூலையில் அயர்லாந்தின் கிளேர்க் கோட்டத்தில் தானியேல் ஓ'கானெல் இடைத்தேர்தலில் நின்றார். கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமர முடியாதபடி உறுதிமொழி வகுக்கப்பட்டிருந்த காலம். அமர முடியாது என்று அறிந்தே நின்றார். 2,057க்கு 982 என்று வென்றார். அடுத்த ஆண்டு ஏப்பிரலிலேயே இலண்டன் சட்டத்தை மாற்றியது. அதே மூச்சில் வேறொன்றையும் செய்தது: ஓ'கானெலை வெல்லவைத்த சிறு நிலக்காரர்களின் ஒப்போலை உரிமையைப் பறித்தது, 40 சில்லிங்கு மதிப்புள்ள நிலம் இருந்தாற் போதும் என்றிருந்ததை 10 பவுண்டு என உயர்த்திவிட்டது. விடையை ஏற்றது, விடை சொன்னவரைத் தண்டித்தது.

வேல்சு நாட்டிலும் அவ்வாறே ஒன்று. 1966 சூலை 14இல் கார்மார்தன் இடைத்தேர்தலில் குவின்வோர் எவான்சு வென்று, வேல்சு நாட்டினக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினரானார். தம் தாய்மொழியில் உறுதிமொழி எடுக்க வேண்டினார், இசைவு கிடைக்கவில்லை. ஆயினும் மறு ஆண்டே வேல்சு மொழிச் சட்டம் வந்தது. முழுமையான சட்டமன்று, ஆனால், ஓர் இருக்கை போனதும் அரசு அசைந்தது. 1981 ஏப்பிரல் 9இல் வட அயர்லாந்தில் சிறையில் உண்ணாநோன்பிருந்த பாபி சாண்ட்சு 30,000க்கும் மேற்பட்ட ஒப்போலைகளோடு வென்றபொழுது வந்த மறுமொழி வேறு. மே 5இல் அவர் சிறையிலேயே மாண்டார். அவ்வாண்டே, ஓராண்டுக்கு மேற்பட்ட தண்டனை பெற்றுச் சிறையிலிருப்போர் வேட்பாளராக முடியாது எனச் சட்டம் இயற்றப்பட்டது. விடை பிடிக்காதபொழுது வினாத்தாளையே மாற்றிவிடும் முறை.

இந்தியாவில் இருக்கையை வெறுமையாய்ப் போட்டுவைக்கும் வழக்கத்துக்கு நெடுங்காலம் சட்டத் தடையே இல்லாதிருந்தது. 1996இல்தான் மக்கள் பேராண்மைச் சட்டத்தில் 151அ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டு, வெறுமையான நாளிலிருந்து ஆறு திங்களுக்குள் நிரப்பவேண்டும் என்று வரம்பிடப்பட்டது. அதற்கும் இரு புழைகள் உண்டு. எஞ்சிய காலம் ஓராண்டுக்குக் குறைவாயின் வேண்டா; நடுவணரசோடு கலந்து, நடத்துவது அரிது என ஆணையம் சான்றளித்தாலும் வேண்டா. புனே நாடாளுமன்ற உறுப்பினர் 2023 மார்ச்சில் மறைந்தபின் அத்தொகுதி நிரப்பப்படாமலே விடப்பட்டது. மும்பை உயர் அறமன்றம் அவ்வாண்டு திசம்பரில் ஆணையத்தைக் கடிந்து உடனே நடத்தச் சொல்லியும், உச்ச அறமன்றத்தின் இடைத்தடையால் பொதுத்தேர்தல் வரை புனே மக்கள் பேராளரின்றியே இருந்தனர்.

தமிழகத்தில் நோய் வேறு. இங்கு இருக்கை நெடுநாள் வெறுமையாய்க் கிடப்பது குறைவு. வினாதான் வெறுமையாய்க் கிடக்கின்றது. 2009இல் திருமங்கலம் இடைத்தேர்தல் நடந்தபின், ஒப்போலைக்குப் பணம் தரும் முறைக்கே அவ்வூர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ஓர் ஊர்க்கு இதனினும் இழிவு வேண்டா. 2017 ஏப்பிரலில் சென்னை இராதாகிருட்டிணன் நகர் இடைத்தேர்தலைப் பணப்பாய்ச்சலைச் சுட்டி ஆணையமே நீக்கிவிட்டது. செயலலிதா 2016 திசம்பர் 5இல் மறைந்ததால் வெறுமையான அவ்விருக்கை 2017 திசம்பர் 21இல் நடந்த தேர்தலால்தான் நிரம்பியது. ஓராண்டுக்கு மேல் அத்தொகுதி வாயின்றிக் கிடந்ததற்குக் கொடுங்கோல் அரசு எதுவும் கரணியமன்று. விற்கவும் வாங்கவும் ஆளிருந்ததே கரணியம்.

ஈரோடு கிழக்குத் தொகுதிக்கு, அதன் உறுப்பினர் ஒருவர்பின் ஒருவராக இருவர் மறைந்தமையால், 2023 பிப்பிரவரியிலும் 2025 பிப்பிரவரியிலும் இடைத்தேர்தல் நடந்தது. இரண்டாம் முறை முதன்மை எதிர்க்கட்சி களத்துக்கே வரவில்லை. ஒப்போலைப் பதிவு நடந்த நாள் 2025 பிப்பிரவரி 5. காங்கேசன்துறைத் தேர்தலின் 50ஆம் ஆண்டு நிறைவுக்கு ஒரு நாள் முன்பு. காவிரி, கல்வி, மொழி, மாநில உரிமை எனத் தமிழர்முன் வினாக்கள் குவிந்து கிடக்க, அவற்றுள் ஒன்றையேனும் தனித்தெடுத்து, 'இதற்கு மட்டும் விடை சொல்லுங்கள்' என்று அத்தொகுதி மக்களைப் பெருங்கட்சிகளுள் எதுவும் கேட்கவில்லை. ஆளுங்கட்சிக்கு அது நற்சான்றிதழ் பெறும் நாள். போட்டியிடாத கட்சிக்குச் செலவு மிச்சமான நாள். காங்கேசன்துறை மக்கள் 28 திங்கள் காத்திருந்து பெற்ற ஒன்றை ஈரோட்டு மக்கள் இரண்டாண்டில் இருமுறை பெற்றும், கேட்கப்படாத வினாவுக்கு அவர்கள் எங்ஙனம் விடையளிப்பர்?

இலங்கையில் இன்று அத்தகைய வாயிலே இல்லை. 1978ஆம் ஆண்டு யாப்பு கொண்டுவந்த வீத முறையில், உறுப்பினர் ஒருவர் மறைந்தாலும் விலகினாலும் அவர் கட்சிப் பட்டியலில் விருப்ப ஒப்போலையால் அடுத்து நின்றவர் வந்து அமர்ந்துகொள்வார். மக்களிடம் திரும்பிப் போகவேண்டியதில்லை. இருக்கையைத் துறந்து வினாக் கேட்க விழையும் தமிழ் உறுப்பினர் ஒருவர் இனித் தோன்றினாலும், அவர் துறந்த மறுகிழமை வேறொருவர் அங்கிருப்பார். 1983 ஆகத்தில் வந்த ஆறாம் திருத்தமோ, தனியரசுக் கோரிக்கையைக் கைவிடும் உறுதிமொழியை உறுப்பினர்க்குக் கட்டாயமாக்கியது. அதனை எடுக்க மறுத்த கூட்டணியினர் தம் இருக்கைகளை இழந்தனர். 1977இல் தமிழ்நிலம் சொன்ன விடை அத்தோடு மன்றத்துக்கு வெளியே தள்ளப்பட்டது.

காங்கேசன்துறைத் தொகுதி இப்பொழுது யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஒரு பிரிவு மட்டுமே. 1990இல் போர் வலிகாமம் வடக்கை விழுங்கியபொழுது ஊர்கள் காலியாயின. சிமிட்டித் தொழிற்சாலை நின்றுபோனது. மயிலிட்டியும் பலாலியும் காங்கேசன்துறையும் உயர் பாதுகாப்பு வளையத்துள் அடைபட்டன. 1975இல் வரிசையில் நின்று அந்த 25,927 ஒப்போலைகளை இட்டவர்களிற் பலரும் அவர்தம் பிள்ளைகளும் அகதி முகாம்களில் ஆண்டுகளைக் கழித்தனர். 2009இல் போர் முடிந்த பின்னும் அவர்கள் நிலம் துண்டு துண்டாகவே விடுவிக்கப்பட்டது. திரும்பிச் சென்றவர் பலர் கண்டது, வீடு இருந்த இடத்தில் கிணற்றுக் கட்டும் பனைமரமும் மட்டுமே.